ஐந்து மணி பஸ்ஸுக்கு எட்டுப் பேர்

எப்போதும் கோபமாக இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு: யாருக்கும் நன்றி சொல்ல நேரம் கிடைக்காது. ஊசிக்குப் பதினாறு வயது வரை அந்த வசதி நன்றாகவே ஓடியது.

ஊசி என்பது பள்ளிக்கூடம் வைத்த பெயர். ஆளும் ஒல்லி, பேச்சும் குத்தும். பதினோராம் வகுப்பு. அவள் குடும்பத்தில் எட்டாவதைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைப் பிரித்துப் போடுகிறவர். அப்பா கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். பள்ளிக்கூடத்திலிருந்து வரும் தாள்களில் என்ன எழுதியிருக்கிறது என்று இருவருக்கும் தெரியாது. ஆனால் அவள் நீட்டிய எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாமல் விட்டதில்லை. அதைக்கூட அவள் அன்று நன்றி என்று நினைக்கவில்லை. 'படிச்சுப் பாக்காம போடுறாங்களே' என்றுதான் எரிச்சல் பட்டாள்.

நகரம் முடிகிற இடத்தில் இருந்த அரசு மேல்நிலைப் பள்ளி அது. வாசலுக்கு எதிரே அடுக்குமாடி வீடுகள். பின்பக்கம் நெடுஞ்சாலை, அதைத் தாண்டிக் கிடங்குகள், அதையும் தாண்டிப் பத்துக் கிலோமீட்டரில் கல்குவாரி. குவாரி நிறுத்தத்தில்தான் ஊசியின் வீடு. வழி நெடுக லாரிகள், நடைபாதை என்று பேருக்குக்கூட ஒன்று கிடையாது. மூன்றரை மணிக்குப் பள்ளி பஸ் கிளம்பும். அதை விட்டால், சாயங்கால நடவடிக்கைகளில் இருக்கும் பிள்ளைகளுக்காக ஐந்து மணிக்கு இன்னொன்று. அதையும் விட்டால் நடராஜா சர்வீஸ்தான். அந்தச் சாலையில் யாரும் மகளை நடக்க விடமாட்டார்கள்.

அந்த ஐந்து மணி பஸ்தான் ஊசிக்குப் பத்திரிகையைக் கொடுத்தது. மாதம் ஒருமுறை வரும் நாலு பக்க மாணவர் பத்திரிகைக்கு அவள் ஆசிரியர். நூலகத்தின் பின்னறையில் ஒரு மேசை, ஒரு பழைய கம்ப்யூட்டர், தாள் சிக்கினால் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்ட வேண்டிய நகல் இயந்திரம். அந்த மேசையில் உட்கார்ந்தால் அவள் வேறு ஆள். வகுப்பில் 'குவாரிப் பொண்ணு' என்பவர்கள்கூட அங்கே வந்து, "என் கவிதையைப் போட்டுடேன்" என்று கெஞ்சுவார்கள். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வந்தது அவள் எழுதியதால்தான். அந்த மேசை போய்விட்டால் தனக்கு என்ன மிஞ்சும் என்று அவள் யோசித்ததே இல்லை.

அந்த மாதம் அவள் கண்ணில் பட்டது 'வான் நோக்கர் மன்றம்'. பதினொன்றாம் வகுப்புப் பெண்கள் நாலு பேர். தலைவி ஒட்டகம். ஆறடிக்கு நாலு விரல் குறைவு. நடக்கும்போது கழுத்துதான் முதலில் வரும். தினமும் மூன்றரையிலிருந்து ஐந்து வரை, மேல்மாடியில் கடைசி அறை. அந்த நேரத்தில் வானத்தில் என்ன நட்சத்திரம் இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஊசிக்குத் தோன்றியது.

மூன்று நாள் ஜன்னல் வழியே பார்த்தாள். முதல் நாள் ஒருத்தி பாடம் எழுதினாள், இருவர் சதுரங்கம் ஆடினார்கள், ஒட்டகம் இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டுத் தூங்கினாள். இரண்டாம் நாள் நாலு பேரும் தூங்கினார்கள். மூன்றாம் நாள் கதவைத் தட்டிக்கொண்டு உள்ளேயே போனாள்.

"இன்னிக்கு என்ன பாத்தீங்க?"

ஒட்டகம் கண்ணைத் தேய்த்தாள். "சூரியன்."

"எப்படி இருந்தது?"

"நேத்து மாதிரியேதான்."

மற்ற மூவரும் சிரித்தார்கள். ஊசிக்கு மூக்கு நுனி சிவந்தது. அதைவிட எரிந்த விஷயம் ஒன்று இருந்தது. இந்த நாலு பேரும் ஐந்து மணி பஸ்ஸில் ஏறுவார்கள், முதல் நிறுத்தத்திலேயே இறங்குவார்கள். எதிரே தெரியும் அடுக்குமாடி வீடுகள்தான் அவர்களுக்கு. பள்ளி வாசலில் நின்று கூப்பிட்டால் அம்மா பால்கனியிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரம். 'நடந்தா கால் தேஞ்சிடுமா, மகாராணிகளுக்கு' என்று தினமும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

திங்கட்கிழமை பத்திரிகை வந்தது. முதல் பக்கத்தில் 'பகலில் நட்சத்திரம் பார்ப்பவர்கள்'. யார் எந்தப் பெஞ்சில் எத்தனை நிமிடம் தூங்கினார்கள், வாசலிலிருந்து வீடு எத்தனை எட்டு என்று அவளே நடந்து எண்ணிய கணக்கு, எல்லாம் இருந்தது. ஒரு வரி பொய் இல்லை. பள்ளிக்கூடமே படித்துச் சிரித்தது. ஆசிரியர்கள் அறையில்கூட ஒருவர் சத்தமாகப் படித்துக் காட்டினாராம். ஊசிக்குக் கால் தரையில் படவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை தலைமை ஆசிரியையின் ஆணை ஒட்டப்பட்டது. வான் நோக்கர் மன்றம் கலைக்கப்படுகிறது. இனிமேல் ஐந்து மணி பஸ் பட்டியலில், பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருப்பவர்கள் பெயர் சேராது.

"செம" என்றாள் ஊசி.

மதிய இடைவேளையில் அலுவலக எழுத்தர் அவளைக் கூப்பிட்டார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைத் தேடுகிற மனிதர். கணக்கில் மட்டும் எதையும் தொலைக்கமாட்டார்.

"ஆசிரியரம்மா, நல்லா எழுதியிருக்கீங்க. ஒரு சின்னக் கணக்கு. ஒம்பதுல நாலு போனா எத்தனை?"

"அஞ்சு. ஏன் சார்?"

"அஞ்சு மணி பஸ் ஓடணும்னா பட்டியல்ல எட்டுப் பேர் இருக்கணும். அது பழைய விதி. இந்த வாரம் வரைக்கும் ஒம்பது. இப்ப நீ, பாட்டுக்குழுல மூணு பேர், ஓவியத்துல ஒண்ணு. அவ்ளோதான். நாளைக்குப் பன்னெண்டு மணிக்குப் பட்டியல் மூடிடுவேன். அடுத்த வாரத்துலேருந்து பஸ் கிடையாது."

ஊசி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். ஐந்துதான் வந்தது. 

"எட்டுப் பேர்னு எனக்குத் தெரியாது சார்."

"நீ கேக்கல, நான் சொல்லல" என்றார் எழுத்தர். பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், "தூரத்துலேருந்து மூணு பேரைக் கொண்டு வா. பெத்தவங்க கையெழுத்தோட. பன்னெண்டு அடிக்கிறதுக்குள்ள" என்றார்.

நின்ற மரக்கிளையைத் தானே வெட்டிக்கொண்டவள், கீழே விழுந்துகொண்டே 'எவ்வளவு சுத்தமாக வெட்டியிருக்கிறேன்' என்று பார்ப்பாளாம். ஊசியின் நிலைமை அதுதான்.

ஒட்டகத்தைத் தேடிக்கொண்டு போனாள். விளையாட்டுக் கிடங்கின் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"உனக்குத் தெரியுமா, எட்டுப் பேர் விதி?" என்றாள் ஊசி.

"தெரியும்."

"அப்போ... அந்த மன்றம்..."

"உக்காரு. நின்னுக்கிட்டே கேட்டா போலீஸ் மாதிரி இருக்கு."

ஊசி உட்கார்ந்தாள். ஒட்டகம் கையில் இருந்த ஒரு பழைய பந்தைத் தரையில் உருட்டிக்கொண்டே பேசினாள்.

"போன வருஷம் எங்களுக்கு வாலிபால் டீம் இருந்தது. ஏழு பேர். நாங்க நாலு பேரும் இந்தப் பக்கம், மூணு பேர் உங்க பக்கம். பஸ் பட்டியல்ல எட்டாவதா இருந்த ஒருத்தன் வருஷ நடுவுல வேற ஊருக்குப் போயிட்டான். பட்டியல்ல எட்டு ஏழாச்சு. பஸ்ஸை நிறுத்திட்டாங்க. ஒரே ஒரு ஆள் குறைஞ்சதுக்கு. உங்க பக்கத்து மூணு பேரும் நின்னுட்டாங்க. நாலு பேரை வெச்சு என்னத்த ஆடுறது? டீமையும் கலைச்சிட்டாங்க."

"அதனால?"

"அதனால இந்த வருஷம் நாங்க நாலு பேரும் ஏதாவது ஒரு மன்றம் ஆரம்பிச்சு பஸ்ல ஏறினா எண்ணிக்கை வரும்னு தோணிச்சு. வானம் எதுக்குன்னா, அதுக்கு மட்டும்தான் எந்த சாமானும் வேணாம். நீங்க அஞ்சு பேரும் பேர் கொடுத்ததால ஒம்பதாச்சு, பஸ் திரும்ப வந்தது. ஆனா அந்த மூணு பேரும் வரல. அதுக்குள்ள நீங்க அதை நம்பி ஏற ஆரம்பிச்சிட்டீங்க." பந்தை நிறுத்தினாள். "நிறுத்த மனசு வரல. அவ்ளோதான். பெருசா ஒண்ணும் இல்ல. தூங்கினது நெசம்தான்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ எழுதிடுவியே."

ஊசிக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். கணக்குத்தான் வந்தது. ஏழு மாதம். தினமும் ஒன்றரை மணி நேரம். வீட்டுக்கு நாலு நிமிடத்தில் போய்விடக் கூடிய நாலு பேர், அவள் ஒரு மேசைக்கு முன்னால் உட்கார வேண்டும் என்பதற்காக மர பெஞ்சில் கழுத்து வலிக்கத் தூங்கியிருக்கிறார்கள். அவர்களைத்தான் அவள் மகாராணிகள் என்றாள்.

"அந்த மூணு பேர் யாரு?" என்று மட்டும் கேட்டாள்.

ஒட்டகம் அவளை விநோதமாகப் பார்த்தாள். "உனக்கு நெசமாவே தெரியாதா? அதுல ஒருத்தி உன் சித்தப்பா பொண்ணு. பந்தைத் தூக்கிக் கொடுப்பா பாரு, தட்டுல வெச்சு நீட்டுற மாதிரி. அப்படி ஒருத்தியை நான் பாத்ததில்ல. மத்த ரெண்டு பேரும் அவ கூடத்தான் வருவாங்க, அவ இல்லாம வீட்டுல விடமாட்டாங்க."

சித்தப்பா வீடும் ஊசியின் வீடும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். பள்ளிக்கூடம் முழுக்க மூக்கை நுழைத்துக் கேள்வி கேட்டவள், தங்கை ஏன் விளையாட்டை விட்டாள் என்று ஒரு நாள் கேட்கவில்லை. 'சோம்பேறி, அலுத்துப்போயிருக்கும்' என்று தானே பதில் எழுதி முடித்துவிட்டிருந்தாள்.

அன்று ஐந்து மணி பஸ்ஸில் ஐந்தே பேர். ஓட்டுநர் அக்கா கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். குவாரி நிறுத்தத்தில் ஊசி இறங்கும்போதுதான் பேசினார். "உன் பேப்பரைப் படிச்சேன். எழுத்தெல்லாம் தெளிவாத்தான் இருக்கு."

அந்த 'தான்' இரண்டு நாள் வலித்தது.

சித்தப்பா மகள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, நர்சரிக்குப் போகும் குட்டித் தங்கையின் ஷூவில் ஒட்டிய களிமண்ணைக் கரண்டிக் காம்பால் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஊசி வாசற்படியிலேயே நின்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

"அதனால நாளைக்கு நீ பட்டியல்ல பேர் கொடுக்கணும்" என்று முடித்தாள்.

"கொடுக்கணுமா?" தங்கை ஷூவைக் கீழே வைத்தாள். "ஒரு வருஷம் ஆச்சு அக்கா. பஸ் நின்ன அன்னிக்கு நான் இதே இடத்துல உக்காந்து அழுதேன். செவுத்துக்கு அந்தப் பக்கம் நீ சத்தமா பாடம் படிச்சிட்டிருந்த. ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேக்கல."

"இப்ப உன் பத்திரிகை போகுதுன்னதும் வந்து நிக்கிற."

"ஆமா" என்றாள் ஊசி. பொய் சொல்ல அவளுக்கு வராது, அது மட்டும்தான் அன்று அவளிடம் மிச்சம். "எனக்காகத்தான் வந்தேன். ஆனா அங்க ஒருத்தி ஏழு மாசமா உனக்காக ஒரு பஸ்ஸை ஓட்டிக்கிட்டு இருந்திருக்கா. அதை நான்தான் நிறுத்திட்டேன். அவளுக்கு என்னால வேற ஒண்ணும் பண்ண முடியாது."

தங்கை கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, "ஒட்டகமா?" என்றாள்.

"ம்."

"ஒரு தடவ வந்து கூப்பிட்டா. நான்தான் மாட்டேன்னேன். இன்னிக்கு விடுவாங்க, நாளைக்கு நிறுத்துவாங்க. ரெண்டாவது தடவையும் விட்டுட்டு வர எனக்குத் தெம்பு இல்ல அக்கா." ஷூவை மறுபடி எடுத்தாள். "அதோட இப்ப இவளை யாரு கூட்டிட்டு வருவா? நர்சரி நாலரைக்கு மூடிடும்."

"நான் கூட்டிட்டு வரேன்" என்றது ஒரு குரல்.

ஊசியின் அம்மா. சலவைக்கூடத்து ஈரத்தில் ஊறி வெளுத்த விரல்களுடன் அவள் பின்னால் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"எனக்கு நாலு மணிக்கு முடியுது. வர வழிதானே."

"உங்களுக்குச் சுத்து பெரியம்மா."

"ரெண்டு தெரு. நாள் பூரா நின்ன காலு, இன்னும் ரெண்டு தெரு நடந்தா கோச்சுக்காது." பிறகு ஊசியைப் பார்த்தார். "எங்க காலத்துல பள்ளிக்கூடமும் இல்ல, பஸ்ஸும் இல்ல. அதனால அதை நிறுத்த ஒருத்தரும் மெனக்கெடல. நீ படிச்சவ, நிறுத்திட்ட."

தங்கைக்குச் சிரிப்புப் பீறிட்டது. ஊசிக்குக் காது சுட்டது. ஆனால் அந்தச் சிரிப்புக்காக அம்மாவுக்கு எதையும் கொடுத்திருப்பாள்.

சித்தப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மற்ற இரண்டு வீடுகளுக்கும் அந்த சாயங்காலமே ஊசியும் தங்கையும் அம்மாவுமாகப் போனார்கள். ஒரு வீட்டில் உடனே கையெழுத்து. இன்னொரு வீட்டில் தகப்பனார், "பஸ்ஸு எத்தனை மணிக்கு இங்க வரும்? தினமும் வருமா? நிச்சயமா?" என்று மூன்று முறை கேட்டார். ஊசி அவருக்கு விதி முழுவதையும் சொன்னாள், எட்டுப் பேர் கணக்கு உட்பட. "நான் ஒரு நாளும் ஏறாம இருக்க மாட்டேன்" என்றாள். அவருக்குப் படிக்கத் தெரியாது. தாளை அவளிடமே கொடுத்து, "சத்தமா படிம்மா" என்றார். ஒரு வார்த்தை விடாமல் படித்தாள். அவர் கட்டைவிரலை மையில் அழுத்தினார்.

தன் வீட்டுக்கு வந்ததும் ஊசி அம்மாவின் முன்னால் உட்கார்ந்தாள். ஏழு மாதத்துக்கு முன்னால் பஸ்ஸுக்காக அம்மா கையெழுத்துப் போட்ட தாளில் என்ன இருந்தது என்று சொன்னாள். அம்மா, "தெரியும்டி. நீ லேட்டா வருவேன்னு எழுதியிருந்தது. உன் மூஞ்சியப் பாத்தா தெரியாதா" என்றார்.

புதன்கிழமை பதினொன்று ஐம்பதுக்கு மூன்று தாள்களும் எழுத்தரின் மேசையில் இருந்தன. அவர் நெற்றியில் இருந்த கண்ணாடியைத் தேடி, கிடைத்து, போட்டுக்கொண்டு, ஒவ்வொரு முகவரியையும் விரல் வைத்துப் படித்தார்.

"குவாரி நிறுத்தம். குவாரி நிறுத்தம். குவாரி நிறுத்தம். இது கைநாட்டு."

"கைநாட்டு செல்லாதா சார்?" ஊசியின் குரலில் பழைய முனை எட்டிப் பார்த்தது.

"யாரு சொன்னா? கையெழுத்தை விட அது நெசம்." பட்டியலில் பெயர்களை ஏற்றினார். "நடவடிக்கை என்னன்னு போட?"

"வாலிபால்."

"அந்த டீம் இல்லியே."

"ஏழு பேர் இருந்தா டீம் இருக்கும்ல சார்? வெளிய நாலு பேர் நிக்கிறாங்க."

ஜன்னலுக்கு வெளியே நாலு பேர் நின்றார்கள். ஒட்டகத்தின் தலை மட்டும் ஜன்னல் சட்டத்துக்கு மேலே போய்விட்டதால், கழுத்துக்குக் கீழேதான் தெரிந்தாள். எழுத்தர் பெருமூச்சு விட்டு, புதிதாக ஒரு தாளை எடுத்தார்.

திங்கட்கிழமை மைதானத்துக்கு ஊசி செய்தி எடுக்கப் போனாள். நோட்டைத் திறந்து வைத்திருந்தாள். திரும்பி வந்த மூவரில் ஒருத்திக்கு இப்போதும் பந்து பயம். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுவாள், பாதி நேரம் அது சரியாகவே போகும். சித்தப்பா மகள் முதல் பத்து நிமிடம் தடுமாறினாள். விரல் மறந்திருந்தது. பதினொன்றாவது நிமிடம் ஒரு பந்தை மேலே தூக்கிவிட்டாள். அது அவசரமே இல்லாமல் வலைக்கு மேலே ஏறி நின்றது, யாருக்கோ காத்திருப்பது போல. ஒட்டகம் எங்கிருந்தோ எழும்பி வந்து அடித்தாள். அந்தப் பக்கம் தரையில் புழுதி கிளம்பியது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை. அடுத்த பந்துக்கு நகர்ந்துவிட்டார்கள். ஊசியின் நோட்டில் ஒரு எழுத்து விழவில்லை.

முடிந்ததும் ஒட்டகம் வியர்வை சொட்ட வந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். ஊசி அவள் முன்னால் போய் நின்றாள். வார்த்தைகளை இரண்டு நாளாகத் தயார் செய்து வைத்திருந்தாள். எல்லாம் பறந்துவிட்டன.

"நான் எழுதினதுல ஒரு வரி கூட பொய் இல்ல" என்றாள்.

"இல்ல."

"அதான் கோவமா வருது. அடுத்த இதழ்ல முதல் பக்கத்துலயே திருத்தம் போடுறேன். பெருசா. நீங்க செஞ்சதெல்லாம் எழுதி."

"எழுது. ஆனா தூங்கினதை எடுத்துடாத. இல்லன்னா எங்களைத் தியாகின்னு நினைச்சிடுவாங்க. அசிங்கமா இருக்கும்."

"சரி."

"வேற?"

"நன்றி." அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து கரடுமுரடாக, சண்டைக்கு வந்தது போலத்தான் வெளியே விழுந்தது. "எனக்கு அந்த மேசையை விட்டா வேற ஒண்ணும் இல்ல. அது உங்களால இருந்தது. எனக்குத் தெரியாமலே இருந்தது."

ஒட்டகம் தண்ணீரைக் குடித்து முடித்தாள்.  வாசல் பக்கம் வண்டி உறுமும் சத்தம் கேட்டது. சித்தப்பா மகள் மற்ற இருவரையும் இழுத்துக்கொண்டு ஓடினாள்.

"ஸ்கோர் எவ்வளவு?" என்றாள் ஊசி. "நான் எழுதல."

"நாளைக்குச் சொல்றேன். போடி, போ. நீ ஏறலன்னா ஏழுதான்."

ஊசி ஓடினாள்.